குளியலறையில் ஒரு பச்சிலைச் செடி

"சாமி, இந்தச் செடி ஏன் இப்படி மஞ்சளடித்துப் போகிறது? வந்து ஒரு பார்வை பாருங்களேன்" என்று நாச்சியாபுரத்தில் ஓர் இல்லத்தரசியார் என்னிடம் கேட்டார். இல்லங்களைச் சந்திக்கச் செல்லும் பங்குக் குருவிடம் மக்கள் கேட்பவை பலவாகும். பிள்ளையின் படிப்பு, பெண்ணின் திருமணம், அண்ணன் தம்பிக்குள் பாகப்பிரிவினை, பட்டா மாறுதல் ஆகியவற்றிற்கெல்லாம் ஏதோ ஒரு விடை கூறிப் பழகிவிட்ட எனக்கு, இந்த வினா புதிதாக இருந்தது. அதனினும் புதிது, அவர் என்னை அழைத்துச் சென்ற இடம். வீட்டை மந்திரிக்க வரும் குருவைச் சமையற்கட்டு வரை அழைத்துச் செல்வோர் உண்டு. குளியலறைக்குள் அழைத்துச் சென்றது அதுவே முதன்முறை.

அது பெரிய வீடன்று. ஆயினும் அப்பகுதியின் வழக்கப்படி நடுவே முற்றம் விட்டு, சுற்றிலும் தாழ்வாரம் வைத்துக் கட்டியது. முன்னர் நெல் மூட்டைகள் அடுக்கியிருந்த ஓர் உள்ளறையைக் குளியலறையாக மாற்றியிருந்தனர். எண்பதை எட்டிய மாமியாருக்கு முழங்கால் வலி. இரவில் கொல்லைக்குச் செல்ல இயலவில்லை. அதற்காகச் செய்த ஏற்பாடு. சுவரின் உச்சியில் ஒரு சதுர அடிக்கு ஒரு காற்றுத்துளை. அதன் கீழே, இடுப்பளவு உயரத்தில், மங்கற் கண்ணாடி பதித்த ஒரு சிறு சன்னல். அச்சன்னல் திட்டில் பழைய ஹார்லிக்ஸ் புட்டி ஒன்றில் நீரூற்றி, அதில் மணி பிளான்ட் கொடியைச் செருகியிருந்தார்கள். இலைகள் ஐந்து, அவற்றுள் மூன்று மஞ்சள். நீர் பாசி பிடித்துப் பச்சையாக இருந்தது. புட்டியைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தபோது உள்ளே கூத்தாடிப் புழுக்கள் துள்ளிக்கொண்டிருந்தன.

செடி வளர்ப்பில் யான் வல்லுநன் அல்லன். பங்குக் குரு இல்லத்தின் குளியலறையில் ஒரு செடியைக் கொன்று, மற்றொன்றைப் பிழைக்க வைத்திருக்கும் அளவுக்கே எனக்கு இதில் பயிற்சி. எனினும் அன்று அவ்வீட்டில் பேசியவை பல குடும்பங்களுக்கும் பயன்படக்கூடும் என்பதாலும், அண்மைக் காலத்தில் நம் பங்கு இல்லங்கள் பலவற்றில் குளியலறைச் செடியைக் காண்பதாலும், அவற்றைச் சற்று விரிவாகவே எழுதத் துணிந்தேன்.

குளிக்கும் இடத்திற்கும் செடிக்கும் உள்ள உறவு நமக்குப் புதிதன்று. செட்டிநாட்டில் குடிப்பதற்கு ஊருணி, குளிப்பதற்குக் குளமும் கண்மாயும் கிணற்றடியும் என்று முன்னோர் பிரித்து வைத்திருந்தனர். 1850-க்கும் 1940-க்கும் இடைப்பட்ட காலத்தில் எழுந்த பெருவீடுகளிலே பர்மாத் தேக்கும் ஆத்தங்குடித் தரைக்கல்லும் இருந்தன. கூரையில் விழும் மழைநீரை முற்றத்தில் இறக்கிப் பெரிய செப்புக் கிடாரங்களில் பிடித்து வைக்கும் ஏற்பாடும் இருந்தது. ஆனால் குளிக்கும் இடம் மட்டும் வீட்டின் பின்புறம், கிணற்றை ஒட்டியே அமைந்திருந்தது. குளித்த நீர் வாய்க்காலாக ஓடி வாழைக்கும், சேம்புக்கும், கல்வாழைக்கும் பாய்ந்தது. அந்நாளில் செடி குளியலறைக்கு வரவில்லை. குளித்த நீரே செடியைத் தேடிச் சென்றது. இன்று குளியலறை வீட்டுக்குள் வந்துவிட்டது. கூடவே செடியும் உள்ளே வந்திருக்கிறது. ஆனால் வாழைக்குக் கிடைத்த வெயிலும் மண்ணும் உள்ளே வரவில்லை. சிக்கல் முழுவதும் இங்குதான் தொடங்குகிறது.

முதலில் இச்செடிகளின் பிறப்பிடத்தை அறிதல் நன்று. நாம் மணி பிளான்ட் என அழைக்கும் கொடி, நம் நாட்டுக்கு உரியதன்று. பசிபிக் மாகடலில், தாஹிட்டித் தீவுக்கு அண்மையிலுள்ள மூரேயா என்னும் சிறு தீவே அதன் தாயகம். 1880-ஆம் ஆண்டில் ஐரோப்பியத் தாவர நூலார் அதற்குப் பெயரிட்டனர். பின்னர் அதை எக்குலத்தில் சேர்ப்பது என்று முடிவு செய்ய மாட்டாமல் நான்கு குலங்களுக்கு மாற்றி மாற்றி எழுதி, இறுதியில் எபிப்ரெம்னம் என்னும் குலத்தில் நிறுத்தினர். இத்துணைக் குழப்பத்திற்கும் காரணம், அச்செடி பூப்பதே அரிது என்பதுதான். பூவைக் காணாமல் குலத்தைத் துணிவது கடினம். அது ஏன் பூப்பதில்லை என்பதற்கு 2016-இல் வெளியான ஓர் ஆய்வு விடை கூறிற்று: பூப்பதற்கு வேண்டிய ஜிப்ரலின் என்னும் ஊக்கப்பொருளைத் தன்னுள் ஆக்கிக்கொள்ளும் ஆற்றல் அச்செடிக்குக் குன்றியுள்ளது. வெளியிலிருந்து அப்பொருளைத் தெளித்தபோது அது பூத்தது.

இதிலிருந்து ஒரு செய்தியை நாம் எண்ணிப் பார்க்கலாம். பூவில்லையேல் விதையில்லை. ஆகவே உலகெங்கும் வீடுகளில் வளரும் மணி பிளான்ட், ஏறத்தாழ எல்லாமே, ஒருவர் கையிலிருந்து மற்றொருவர் கைக்கு வெட்டிக் கொடுத்துப் பரவிய தண்டுகளே. நாச்சியாபுரத்துப் புட்டியில் நின்ற அந்த ஐந்திலைக் கொடியும், அறியா ஒருவர் அறியா ஒருவருக்குக் கொடுத்த துண்டின் துண்டின் துண்டுதான். இவ்வாறு இருக்க, "மணி பிளான்டைக் களவாடி வைத்தால்தான் தழைக்கும், கேட்டு வாங்கினால் செல்வம் சேராது" என்றொரு நம்பிக்கை நம் மக்களிடையே உலவுவது வியப்பே. ஏழாம் கட்டளையை மனப்பாடமாகச் சொல்லும் பிள்ளைகளின் வீட்டிலேயே இதைக் கேட்டிருக்கிறேன்! பக்கத்து வீட்டு மதில்மேல் கை நீட்டி ஒடித்த தண்டு பிழைப்பதற்குக் காரணம் களவன்று; ஒடித்த இடத்தில் ஒரு கணு இருந்ததுதான். கணு இல்லாத தண்டை எத்தனை வீடுகளில் திருடி வந்து நட்டாலும் அது அழுகியே தீரும்.

காட்டிலே இக்கொடி பெருமரங்களின் அடியில், மண்ணிலே படர்ந்து தொடங்குகிறது. மேலே இலைக்கூரை வெயிலை மறைத்துக்கொள்வதால், கீழே விழும் சிறிதளவு ஒளியைக் கொண்டு வாழக் கற்றுக்கொண்டது. மரத்தைப் பற்றி ஏறியதும் அதன் உருவே மாறிவிடுகிறது. இருபது மீட்டர் உயரம் வரை ஏறும். இலை ஒன்று ஒரு மீட்டர் நீளம் வரை பெருகும். நம் ஊர்த் தோட்டங்களில் தென்னையில் ஏறிய மணி பிளான்டைக் கண்டவர்கள் இதை அறிவர். புட்டியில் உள்ளங்கையளவு இலை விடுவது அதன் இளமைப் பருவமே. குளியலறையில் அது என்றும் முதிர்வதில்லை.

மற்றொன்று, பாம்புச் செடி என்று நாற்றுப்பண்ணைகளில் விற்கப்படுவது. வாள் போல் நிமிர்ந்து நிற்கும் தடித்த இலையில் வரி வரியாகக் கோடுகள் இருக்கும். மேலை ஆப்பிரிக்காவிலிருந்து வந்தது. இதனை அயல்நாட்டுப் பொருள் என்று பெருமையோடு வாங்கி வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன்: இதன் உடன்பிறப்பு நம் வறண்ட நிலங்களிலேயே வேலியோரம் வளர்கிறது. மருள் என்றும் மரல் என்றும் பெயர். அதன் நாரை முறுக்கி வில்லுக்கு நாண் செய்தனர் நம் முன்னோர். கரட்டு நிலத்தில் வெயிலைத் தாங்கும் இக்குடும்பம், நிழலையும் தாங்கும். மூன்று வாரம் நீரூற்ற மறந்தாலும் பொறுத்துக்கொள்ளும். அது பொறுக்காதது ஒன்றே. அதைப் பின்னர்ச் சொல்கிறேன்.

செட்டிநாட்டின் வெப்பத்தை நான் விவரிக்க வேண்டுவதில்லை. கோடையில் காற்றில் ஈரமே இராது. கொடைக்கானலுக்குச் சென்று திரும்புகிறவர்கள் பெரணிச் செடியைத் தொட்டியோடு வாங்கி வந்து தாழ்வாரத்தில் வைப்பதும், பத்து நாளில் அது காய்ந்த துடைப்பமாகி நிற்பதும் நாம் காணாததன்று. அத்தகைய வீட்டிலும் காற்று ஈரமாக இருக்கும் ஓர் இடம் உண்டென்றால் அது குளியலறையே. இலண்டன் நகரில் நாதானியேல் வார்டு என்னும் மருத்துவர், அந்நகரத்துப் புகையிலே பெரணிகள் பிழைக்காததைக் கண்டு வருந்தியவர். 1829-இல் அந்துப்பூச்சியின் கூட்டுப்புழு ஒன்றை மூடிய கண்ணாடிப் புட்டியில் ஈரமண்ணோடு வைத்திருந்தபோது, அதனுள்ளே பெரணியும் புல்லும் தாமாக முளைத்து வளர்வதைக் கண்டார். மூடிய கலத்தில் ஈரம் வெளியேறாமல் சுழன்றதே காரணம். அவ்வாறு அமைத்த கண்ணாடிப் பெட்டிகளில் செடிகளை ஏற்றிக் கடல் கடந்து அனுப்பினர். நம் குளியலறையும் ஓரளவுக்கு வார்டு மருத்துவரின் பெட்டியே. காரைக்குடி வெயிலில் தாழ்வாரத்தில் மடியும் பெரணி, குளியலறைச் சன்னலோரத்தில் பிழைத்திருப்பதை நான் பார்த்திருக்கிறேன்.

ஆனால் ஈரம் மட்டும் போதாது. "குறைந்த ஒளியில் வளரும் செடி" என்று கடைக்காரர் சொல்வதை "ஒளியே இன்றி வளரும் செடி" என்று நாம் பொருள்கொண்டு விடுகிறோம். அத்தகைய பச்சிலைச் செடி எதுவும் இல்லை. ஒவ்வொரு பச்சிலையும் ஒளியைக் கொண்டு உணவு ஆக்குகிறது. அதே வேளையில், மூச்சு விடுவதால், இரவும் பகலும் அவ்வுணவைச் செலவழித்துக்கொண்டும் இருக்கிறது. வரவு செலவுக்கு ஈடாகும் அளவு ஒளி கிடைத்தால் செடி உயிரோடு இருக்கும். அதற்கு மேல் கிடைத்தால் வளரும். அதற்குக் கீழே போனால் சேமிப்பை எடுத்துத் தின்னத் தொடங்கும். நிழற்செடிக்கு இந்தச் செலவு சிறிது, அவ்வளவே. சேமிப்பு உள்ளவரை அது பச்சையாகவே நிற்பதால் நாமும் ஏமாந்து போகிறோம். பாம்புச் செடி தடித்த இலையிலும் மண்ணுக்குக் கீழுள்ள கிழங்குத் தண்டிலும் சேமிப்பு வைத்திருப்பதால் இருட்டறையில் பல மாதங்கள் நின்றுவிட்டு, பின்பு ஒரு நாள் சாய்ந்துவிடும். நேற்று வரை நன்றாயிருந்ததே என்போம். நேற்று வரை அது பட்டினி கிடந்தது.

அளவு கூறினால் விளங்கும். நண்பகல் வெயிலின் ஒளி ஏறத்தாழ 1,00,000 லக்ஸ். சன்னலிலிருந்து சற்றுத் தள்ளிய அறைக்குள் சில நூறு. உச்சியில் காற்றுத்துளை மட்டும் உள்ள குளியலறையிலோ நூறுகூட இராது. நம் கண் இருளுக்கு விரைவில் பழகிக்கொள்வதால் இவ்வேறுபாடு நமக்குப் புலப்படுவதில்லை. கருவி வேண்டாதவர்களுக்கு எளிய சோதனை ஒன்று உண்டு. நண்பகலில் விளக்கைப் போடாமல், செடி வைக்க எண்ணும் இடத்தில் செய்தித்தாளின் சிற்றெழுத்தைப் பிடித்துப் பாருங்கள். வருத்தமின்றிப் படிக்க முடிந்தால் செடி வாழும். கண்ணை இடுக்க வேண்டியிருந்தால் அங்கு அது தனியே நெடுநாள் வாழாது.

அதற்காகச் செடியே வேண்டாம் என்பதில்லை. நாச்சியாபுரத்து அம்மையாருக்கு நான் கூறிய வழி இதுவே: இரண்டு தொட்டிகள் வையுங்கள். ஒன்று குளியலறையில் இருக்கட்டும். மற்றொன்று முற்றத்தைச் சுற்றிய தாழ்வாரத்தில், வெயில் நேரே படாத இடத்தில் இருக்கட்டும். பதினைந்து நாளுக்கு ஒருமுறை இடம் மாற்றுங்கள். செட்டிநாட்டு வீட்டுக்கு இறைவன் கொடுத்த கொடை முற்றம். அதன் வெளிச்சத்தைச் செடிக்கும் பங்கு வைத்தால் குறைந்துவிடாது. முற்றமில்லாத புதிய வீட்டினர் 9 வாட் வெண்ணிற எல்.இ.டி. விளக்கைச் செடிக்கு மேலே ஓர் அடி உயரத்தில் பொருத்தி நாளொன்றுக்குப் 12 மணி நேரம் எரிய விடலாம். மாதத்துக்கு மூன்றேகால் யூனிட்டுக்கு மேல் செலவாகாது. இலையில் வெள்ளையும் மஞ்சளும் கலந்த வகையை இருண்ட அறைக்கு வாங்காதீர்கள். வெளுத்த பகுதியில் பச்சையம் இன்மையால் அங்கே உணவு ஆக்கப்படுவதில்லை. மங்கிய ஒளியில் புதிதாக வரும் இலைகள் பெரும்பாலும் பச்சையாகவே வரும். கொடுத்த விலை வீண்.

இனி நீர். வீட்டுச் செடிகள் தாகத்தால் மடிவதைவிட நீர் மிகுந்து மடிவதே அதிகம். வேருக்கும் காற்று வேண்டும். மண்ணிலுள்ள நுண்துளைகள் எந்நேரமும் நீரால் அடைபட்டிருந்தால் வேர் மூச்சு முட்டி அழுகுகிறது. அழுகிய வேர் நீரை உறிஞ்ச மாட்டாது, இலை வாடுகிறது, வாட்டத்தைக் கண்ட நாம் இன்னும் ஒரு குவளை ஊற்றுகிறோம்! ஒளி குறைந்த இடத்தில் செடி நீரைச் செலவழிப்பதும் குறைவு. குளியலறையில் காற்று ஈரமாயிருப்பதால் மண் காய்வதும் தாமதம். தாழ்வாரத்துச் செடிக்கு இரண்டு நாளுக்கு ஒருமுறை என்றால், குளியலறைச் செடிக்குப் பத்து நாளுக்கு ஒருமுறையும் மிகையாகலாம். ஆட்காட்டி விரலை இரண்டு கணு ஆழம் மண்ணில் செலுத்திப் பாருங்கள். ஈரம் தட்டுப்பட்டால் கையைக் கழுவிக்கொண்டு திரும்பிவிடுங்கள்.

என் வீட்டுப் பாம்புச் செடியை நான் கொன்றது இவ்வாறுதான். காலைத் திருப்பலிக்கு முன் குளிக்கும்போது, "நான் மட்டும் குளிப்பதா?" என்று நாள்தோறும் அதற்கும் ஒரு குவளை வார்த்தேன். அடியில் துளையில்லாத அழகிய பீங்கான் தொட்டி வேறு. ஆறாம் வாரத்தில் இலையைத் தொட்டபோது அடியோடு கையில் வந்தது. வெந்த வெங்காயம் போன்ற நாற்றம். வேலியோரத்தில் வறட்சியை வென்ற குலத்தை அன்பினால் மூழ்கடித்தேன். அது பொறுக்காதது ஒன்று என்றேனே, அது இதுதான்.

எந்த நீர் என்பதும் கேள்வியே. நம் பக்கத்தில் ஆழ்துளைக் கிணற்று நீர் பல இடங்களில் உப்புக் கரிக்கிறது. அந்நீரை ஊற்றிய தொட்டியின் விளிம்பில் வெள்ளைப் படலம் கட்டும். இலை நுனிகள் பழுப்பேறிக் கருகும். மழை நாளில் ஒரு குடம் பிடித்து மூடி வைத்தால் குளியலறைச் செடிக்கு ஒரு மாதம் காணும்; கிடாரம் வைத்து மழைநீர் பிடித்தவர்களின் ஊரில் ஒரு குடம் பிடிப்பது பெரிதன்று. அஃது இயலாதெனில், இரண்டு மாதத்துக்கு ஒருமுறை தொட்டியை வெளியே எடுத்து, அடித்துளை வழியே நன்கு வடியும்படி நல்ல நீரை ஊற்றி, உப்பைக் கழுவிவிட வேண்டும். சோப்பு நீர் வாழைக்குப் போயிற்றே என்று சிலர் வாதிடலாம். வாழைக்கு அகன்ற நிலம் உண்டு. மழையும் வந்து கழுவிற்று. சாணளவுத் தொட்டியில் சோப்பு எங்கே போகும்?

மண்ணைப் பற்றி விரிக்க வேண்டியதில்லை. நம் செம்மண் ஒரு பங்கு, நீரில் ஊறவைத்து அலசிய தென்னை நார்க்கழிவு ஒரு பங்கு, நன்கு மக்கிய தொழுவுரம் அரைப் பங்கு, சிறிது ஆற்று மணல். புதுச் சாணம் கூடாது. உரத்தை இரண்டு மாதத்துக்கு ஒரு கைப்பிடிக்கு மேல் இடாதீர்கள். பட்டினி கிடக்கும் செடிக்கு உரம் உணவன்று, ஒளியே உணவு. இலைமேல் படியும் தூசியை வாரம் ஒருமுறை ஈரத்துணியால் துடைத்தால் கிடைக்கும் சிறு ஒளியும் வீணாகாது. குளியலறையை அமிலமோ பிளீச்சிங் பவுடரோ இட்டுக் கழுவும் நாளில் தொட்டியை வெளியே வைத்துவிடுங்கள். இங்கே இடைச்செருகலாக ஓர் எச்சரிக்கை: அவ்விரண்டையும் ஒருசேர ஊற்றினால் குளோரின் என்னும் நச்சுவாயு கிளம்பும். அடைத்த அறையில் அது செடியை மட்டுமன்று, கழுவுகிறவரையும் வீழ்த்தும்.

மீண்டும் அந்தப் புட்டிக்கு வருவோம். இலை மஞ்சளானதற்குக் காரணம் இருளும் மாற்றப்படாத நீரும். அது சிறிய குற்றம். உள்ளே துள்ளிய கூத்தாடிப் புழுதான் பெரிய குற்றம். டெங்குக் காய்ச்சலைப் பரப்பும் ஏடிஸ் கொசு சாக்கடையைத் தேடிச் செல்வதில்லை. வீட்டுக்குள்ளே தேங்கி நிற்கும் ஓரளவு தெளிந்த நீரே அதற்கு உகந்தது: மூடாத தொட்டி, குளிர்பதனப் பெட்டியின் அடித்தட்டு, பூஞ்சாடி, மணி பிளான்ட் புட்டி. பகலில் கடிக்கும். நீர்மட்டத்துக்குச் சற்று மேலே கலத்தின் உட்சுவரில் முட்டையை ஒட்டி வைக்கும். நம் வெப்பத்தில் அம்முட்டை ஒரு வாரம் பத்து நாளுக்குள் பறக்கும் கொசுவாகிவிடும். நீரை மட்டும் கொட்டிவிட்டால் முட்டை போய்விடாது. நீரின்றிப் பல மாதம் காத்திருந்து, மறுபடி நீர் பட்டதும் பொரிக்கும். 2017-இல் தமிழகத்தைக் கலங்கடித்த டெங்குக் காய்ச்சலை மறந்திருக்க மாட்டீர்கள். வீடு வீடாக வரும் சுகாதாரப் பணியாளர் நம் பூஞ்சாடியை எட்டிப் பார்த்தால் நாம் முகம் சுளிக்கிறோம். அவர் பார்ப்பது சரியான இடத்தைத்தான்.

ஆகவே நீரில் வைத்து வளர்க்க விரும்புவோர் வாரம் ஒரு நாளைக் குறித்துக்கொள்ளுங்கள். சனிக்கிழமை எனில் ஒவ்வொரு சனிக்கிழமையும். கொடியை வெளியே எடுத்து, வேரைக் கழுவி, புட்டியின் உட்புறத்தைத் தூரிகையால் நன்கு தேய்த்து, புது நீர் ஊற்றுங்கள். வாய் குறுகி, தூரிகை நுழையாத புட்டியை எறிந்துவிடுங்கள். தொட்டியின் கீழே வைக்கும் தட்டிலும் நீர் நிற்கக் கூடாது. மணல் இட்டு நிரப்பலாம். இவ்வளவுக்கு முடியாதவர்கள் மண்ணில் நடுவதே மேல். காய்ச்சலில் ஒரு பிள்ளை படுத்தால் அந்தப் பச்சையை யார் பார்த்து மகிழ்வது?

சிறு குழந்தைகள் உள்ள வீட்டாருக்கு மற்றொன்று. மணி பிளான்ட் எந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது தெரியுமா? சேம்பும் கருணையும் சேர்ந்த குடும்பம். சரியாக வேகாத கருணைக்கிழங்கு நாவையும் தொண்டையையும் எவ்வாறு அரிக்கும் என்பதை நம் தாய்மார்க்கு நான் சொல்லவும் வேண்டுமோ? புளி விட்டு வேகவைப்பது எதற்காகவோ, அதே கால்சியம் ஆக்சலேட் ஊசிப் படிகங்கள் மணி பிளான்டின் இலையிலும் தண்டிலும் உள்ளன. குழந்தை கடித்தால் வாய் எரியும், நாக்கு தடிக்கும். வீட்டு நாய்க்கும் பூனைக்கும் அவ்வாறே. பெரிய புள்ளியிலைகளோடு நாற்றுப்பண்ணையில் விற்கப்படும் டைஃபன்பேக்கியா இதனினும் கடுமையாக அரிக்கும். தவழும் குழந்தை உள்ள வீட்டில் அது வேண்டவே வேண்டாம்.

"இது காற்றைத் தூய்மை செய்யுமாமே, நாசாவே சொல்லியிருக்கிறதாமே" என்று அவ்வீட்டு மகன் கேட்டார். பொறியியல் படித்தவர். சொன்னது உண்மையே. 1989-இல் அமெரிக்க விண்வெளி நிறுவனத்தின் ஆய்வில், காற்றுப்புகாமல் மூடிய சிறு பெட்டிகளுக்குள் வைத்த செடிகள் பென்சீன், ஃபார்மால்டிஹைடு போன்ற நச்சாவிகளைக் குறைத்தன. ஆனால் நம் வீடு மூடிய பெட்டியன்று. அதுபோன்ற பல ஆய்வுகளை ஒருங்கே கணித்துப் பார்த்து 2019-இல் வெளிவந்த கட்டுரை, கட்டடத்தில் இயல்பாக நடைபெறும் காற்றோட்டத்துக்கு ஈடாக வேண்டுமானால் தரையின் ஒவ்வொரு சதுர மீட்டருக்கும் 10 முதல் 1,000 செடிகள் வரை தேவை என்று கண்டது. ஆறடிக்கு ஐந்தடிக் குளியலறை என்றால் குறைந்தது 28 தொட்டிகள்! குளிப்பவர் வெளியே நிற்க வேண்டியதுதான். காற்றுத் தூய்மை வேண்டுவோர் சன்னலைத் திறந்து வைக்கட்டும். செடியைச் செடிக்காகவே வைக்கலாம். இருளும் ஈரமுமான நான்கு சுவருக்குள் ஓர் இளந்தளிர் விரிவதைக் காண்பது போதாதா?

இவற்றையெல்லாம் அம்மையாரும் மகனும் கேட்டுக்கொண்டிருக்கையில், அப்பத்தா மெல்ல வந்து, குளியலறை நிலையைப் பற்றிக்கொண்டு நின்றார். "நீங்கள் எவ்வாறு உள்ளே போய் வருகிறீர்கள், நடந்து காட்டுங்கள்" என்றேன். ஒரு கையைச் சுவரில் ஊன்றி மூன்றடி வைத்தார். முக்காலியில் அமர்ந்தார். எழும்போது அவர் கை தானாகவே சென்று பற்றிய இடம் சன்னல் திட்டு. புட்டி நின்ற அதே இடம். "பாட்டில் இருக்கிறதனால் இப்போதெல்லாம் ஓரமாகத்தான் பிடிக்கிறேன், சாமி. உடைத்துவிட்டால் மருமகள் வருத்தப்படுவாள் அல்லவா" என்றார். ஈரத் தரை, கண்ணாடிப் புட்டி, எண்பது வயதுக் கை. மருமகளின் முகம் மாறிவிட்டது. அவர் அழகுக்கு வைத்ததை மாமியார் பொறுத்துக்கொண்டிருந்தார். மாமியார் பொறுத்துக்கொண்டது மருமகளுக்குத் தெரியாது. ஒருவரையொருவர் நோகடிக்கக் கூடாதென்று எண்ணிய நல்லவர் இருவருக்கு நடுவிலேதான் அந்தப் புட்டி நின்றுகொண்டிருந்தது.

முதியோர் உள்ள வீடுகளில் குளியலறையே அதிகம் வழுக்கும் இடம். அந்த வயதில் இடுப்பெலும்பு முறிந்தால் மீண்டும் முன்போல் நடப்பது பலருக்கு இயலாமற் போகிறது. ஆதலால் செடிக்கு முன்னர் கைப்பிடி வையுங்கள். துருப்பிடிக்காத எஃகுக் கம்பியைச் சுவரில் துளையிட்டு இறுக்க வேண்டும். ஒட்டும் வகைக் கைப்பிடி ஒருவர் எடையைத் தாங்காது. தொட்டியைத் தரையில் வைக்காதீர்கள். கை ஊன்றும் திட்டில் வைக்காதீர்கள். தலைக்கு மேலே தொங்கவும் விடாதீர்கள். கண்ணாடியும் பீங்கானும் ஈரத் தரைக்கு ஆகா. சுவரின் மூலையில், தோளுக்கு மேலான உயரத்தில், ஒரு சிறு தாங்கி அடித்து, நெகிழித் தொட்டியை அதில் அமர்த்தினால் போதும். ஒளியும் அங்கேதான் சற்று மிகுதி.

மூன்று மாதம் கழித்து மீண்டும் அவ்வழியே சென்றேன். குளியலறையில் அப்பத்தாவின் கைக்கு எட்டும் உயரத்தில் பளபளக்கும் கைப்பிடி. மூலைத் தாங்கியில் மண் தொட்டி வேண்டாமென்று நெகிழித் தொட்டியே வைத்திருந்தனர். பழைய மஞ்சள் இலைகள் உதிர்ந்துவிட்டன, புதிதாக நான்கு. இணைத் தொட்டி தாழ்வாரத்தில் இன்னும் செழிப்பாக நின்றது. எந்தத் தொட்டி எந்த ஞாயிற்றுக்கிழமை இடம் மாற வேண்டும் என்பதை நாட்காட்டியில் குறித்து வைப்பது அப்பத்தாவின் பொறுப்பாம். மருமகள் மறந்தாலும் அவர் மறப்பதில்லையாம்.

விடைபெறும்போது, தாழ்வாரத்துக் கொடியிலிருந்து ஒரு தண்டு கேட்டேன். கணுவுக்கு அரை அங்குலம் கீழே, கணுவிலிருந்து புறப்படும் பழுப்பு நிற வேர்முளையோடு சேர்த்து, அப்பத்தாவே வெட்டிக் கொடுத்தார். "கேட்டு வாங்கினால் வளராது என்பார்களே, சாமி?" என்று சிரித்தார். பங்குக் குரு இல்லத்தின் குளியலறையில், அடித்துளையுள்ள தொட்டியில், அது இப்போது ஆறு இலைகளோடு நிற்கிறது. நாள்தோறும் நீர் வார்ப்பதை நான் விட்டுவிட்டேன். தண்டு வேண்டுவோர் ஞாயிறு திருப்பலிக்குப் பின் வந்து கேட்டுப் பெற்றுக்கொள்ளலாம். புட்டி மட்டும் கொண்டு வர வேண்டாம்.